சீன ஏட்டின் கடைசி வரியும் செவன் கிங்ஸ் வீடும்

லண்டனுக்கு எதற்கு வந்திருக்கிறாய் என்று குடிநுழைவு அதிகாரி கேட்டார். சீன ஏடுகளைப் படிக்க என்றேன். அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். சீன ஏட்டைப் படிக்கச் சீனாவுக்கல்லவா போக வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நல்லவர், கேட்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, குளிருக்கு இந்தக் கோட்டு போதாது என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் பழகியதுதான். ஈப்போவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரே பள்ளிக்கூடம் சீனப் பள்ளிக்கூடம். பஸ்ஸில் அனுப்பப் பயந்து அப்பா என்னை அங்கே சேர்த்துவிட்டார். அப்படி ஆரம்பித்தது, கோலாலம்பூரில் சீன மத வரலாறு சொல்லிக்கொடுக்கும் வேலையில் போய் முடிந்தது. கல்யாண வீடுகளில் என்னைச் சீனம் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் அக்டோபர் மாதம் அது. சீனத்தின் வடமேற்கில், துன்ஹுவாங் என்ற பாலைவன ஊரில், பல நூறு ஆண்டுகள் மூடிக்கிடந்த குகையிலிருந்து எடுத்த ஏட்டுச் சுருள்களில் ஒரு பங்கு லண்டனில் இருக்கிறது. பெரும்பாலானவை பௌத்த ஏடுகள். நடுவே சீனத்தின் சொந்த மதமான தாவோ மதத்து மறைநூல்களும் உண்டு. அந்த மறைநூல்களில் பழையவை எழுதப்பட்ட காலத்தில்தான் இந்தியாவிலிருந்து பௌத்தம் வந்து சீனத்தில் வேர்விட்டுக்கொண்டிருந்தது. தாவோ மதத்தார் அதிலிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டார்கள் என்று பட்டியல் போடுவதே என் வேலை. மறுபிறப்பை எடுத்துக்கொண்டார்கள், கல்பம் கல்பமாகக் காலத்தை அளப்பதை எடுத்துக்கொண்டார்கள், சத்தியம் செய்யும் முறையைக்கூட எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பௌத்தத் துறவிகளே திருட்டு திருட்டு என்று கத்தியிருக்கிறார்கள். நானும் பரீட்சைத் தாளில் காப்பி அடித்தவனைப் பிடிக்கிற வாத்தியார் மனநிலையில்தான் விமானம் ஏறினேன்.

தங்குவதற்கு லண்டனின் கிழக்கோரத்தில், செவன் கிங்ஸில் ஓர் அறை கிடைத்தது. என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் உறவினர் வீடு. நடராசா அண்ணன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அவர் மனைவி சிவமலர் அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர். பிள்ளைகள் இல்லை. நான் போய் இறங்கிய புதன்கிழமை பிற்பகலில் அக்கா கதவைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன தங்கச்சி, உந்தக் கோட்டோடையோ வந்தனீங்கள்?" என்றார். அதிகாரி சொன்னது சரிதான் என்று தெரிந்தது. அரை மணி நேரத்தில் அண்ணனின் பழைய கம்பளிக் கோட்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பத்து நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் லண்டனில் திரிந்தேன்.

அன்றிரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும். எங்கள் ஊர்ப் புட்டு வேறு, அது தேங்காயும் சர்க்கரையுமாகக் காலையில் சாப்பிடுகிற பண்டம். இங்கே இராச் சாப்பாட்டுக்கு, உறைப்புக் குழம்போடு. "மத்தியானம் முழுக்க அவிச்ச உருளைக்கிழங்கும் பட்டாணியும் அள்ளிப் போடுறன். பின்னேரம் உறைப்பா ஒண்டு வாயிலை படாட்டில் எனக்கு ஏலாது" என்றார் அக்கா. அன்றிரவே எனக்கு இவரைப் பிடித்துப் போயிற்று.

மறுநாள் காலை ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் இலை விழுந்திருப்பதால் தாமதம் என்று அறிவித்தார்கள். மரமா என்று பக்கத்திலிருந்த பெண்மணியைக் கேட்டேன். இல்லை, இலைதான் என்றார். எங்கள் ஊரில் யானை குறுக்கே நின்று ரயில் தாமதமானது உண்டு. இங்கே ஒரு சாம்ராஜ்யத்தையே ஆண்டவர்கள் சருகுக்கு நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம், "போன வருடமும் இதே இலைதான்" என்று முகத்தைச் சுளிக்காமல் சொன்னார்.

நூலகத்தின் கீழைநாட்டுப் பிரிவு ஆற்றுக்குத் தெற்கே, இன்ஷூரன்ஸ் அலுவலகம் போன்ற ஒரு கட்டடத்தில் இருந்தது. பேனா கூடாது, பென்சில் மட்டும். சுருளைக் கொண்டுவந்த பணியாளர் ஓய்வு வயதை நெருங்கிய வெள்ளைக்காரர். குளிப்பாட்டிய குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல அதை மேசையில் வைத்தார். மஞ்சள் தாள். பூச்சி அரிக்காமலிருக்க மரப்பட்டைச் சாயம் தோய்ப்பார்களாம். அச்சில் மட்டும் பார்த்திருந்த எழுத்துகள் தூரிகை வேகத்தோடு எதிரே கிடந்தன. பென்சிலைச் சீவிக்கொண்டு திருட்டைத் தேடத் தொடங்கினேன்.

முதல் நாளே நிறைய அகப்பட்டது. வானுலகங்களுக்குச் சூட்டியிருந்த பெயர்கள் எனக்குச் சிரிப்பைக் கொடுத்தன. அவை சமஸ்கிருதம் போல ஒலிக்கும், ஆனால் சமஸ்கிருதம் இல்லை. சீனத்திலும் அர்த்தம் கிடையாது. நம் பிள்ளைகள் வார்த்தை தெரியாத ஆங்கிலப் பாட்டுக்கு வாயசைப்பது போல, இந்தியாவைக் காணாத யாரோ இந்தியச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தெய்வ மொழி செய்திருக்கிறார். குறிப்பேட்டின் ஓரத்தில் 'காப்பி' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வெள்ளிக்கிழமைதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அன்று நூலகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் வெள்ளைச் சாமந்தி ஒரு கொத்து வாங்கினேன். வீட்டில் யாருமில்லை. அக்கா கொடுத்திருந்த சாவியால் திறந்து, குளித்து, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று சாமி அலமாரியைத் துடைத்தேன். பிள்ளையார், முருகன், லட்சுமி, ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் சட்டமிட்ட படம். நம் வீடுகளில் சாமிக்குப் பக்கத்தில் மனிதர் படம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எல்லாப் படத்துக்கும் ஒவ்வொரு பூ வைத்தேன். அந்தப் படத்துக்கு, பாவம் இளவயது என்று, இரண்டாக வைத்தேன்.

அக்கா வந்தார். கைகாலைக் கழுவிக்கொண்டு விளக்கேற்றப் போனவர் அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அந்தப் படத்திலிருந்த இரண்டு பூவையும் எடுத்தார். குப்பையில் போடவில்லை. கையிலேயே பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவன் செத்தவன் இல்லைத் தங்கச்சி" என்றார். "என்ரை தம்பி, குகன். சாமியின்ரை பொறுப்பிலை விட்டிருக்கிறன். அதுதான் அதிலை வைச்சனான்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவர்தான் எழுந்து எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது அழுதேன், வெட்கத்தில்.

மீதிக் கதையை ஞாயிற்றுக்கிழமை நடராசா அண்ணன் சொன்னார். ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனபோது, முருங்கைக்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். குகன் மூன்று வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டவர். கொழும்புக்கு வந்து சேரவில்லை. யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. எழுதாத இடமில்லை, விசாரிக்காத ஆளில்லை. தாய் தகப்பன் முன்பே போய்விட்டார்கள், கல்யாணமும் ஆகவில்லை. அவருக்கென்று இருப்பது இந்த அக்காவும் அத்தானும் மட்டுந்தான்.

"நான் கோயில் ஐயரிட்டைக் கதைச்சிட்டன்" என்றார். "வாற சனிக்கிழமை அந்தியேட்டி செய்வம் எண்டு. உடல் இல்லாட்டி தர்ப்பையிலை உருவம் செய்து செய்யலாமாம். வியாழக்கிழமைக்குள்ளை ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லவேணும். இவ இன்னும் வாய் திறக்கேல்லை." அந்தியேட்டி என்பது இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. "நான் தூக்கி வளத்த பெடியன் தங்கச்சி. போயிருந்தானெண்டால் மூண்டு வருசமா ஒருத்தரும் ஒரு வாய் சோறு, ஒரு சொட்டுத் தண்ணி வைக்கேல்லை. அதை நினைச்சால் எனக்குத் தொண்டையாலை சாப்பாடு இறங்குதில்லை."

அக்கா தன் பங்கை அன்று மாலை இடியப்பம் பிழிந்துகொண்டு சொன்னார். "இவர் சொல்லுறதிலை பிழையில்லை. ஆனால் அவன் எங்கையாவது இருந்தானெண்டால்? உயிரோடை இருக்கிறவனுக்குக் கிரியை செய்தால் அவனை நாங்களே கொலை செய்த மாதிரி. இருந்தால் கொலைப் பாவம். இல்லையெண்டால் பட்டினி போட்ட பாவம். எந்தப் பாவத்தை எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

இரண்டு பேரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருவர் தட்டில் மற்றவர் இடியப்பம் எடுத்து வைத்தார், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் ஈப்போவில் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் வந்தால் தெருவோரத்தில் மேசை போட்டு, கேட்பாரற்ற ஆவிகளுக்கென்று சோறும் பழமும் படைப்பார்கள். பௌத்தர் வழக்கமா தாவோ வழக்கமா என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். ஆவி என்ற சொல்லை அந்தச் சமையலறையில் வைக்க மனம் வராமல் விழுங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை என் பட்டியல் இருபது பக்கத்தைத் தாண்டியிருந்தது. ஒரு சுருளை முடித்து, சுற்றத் தொடங்கினேன். ஏட்டின் கடைசியில், மறைநூல் முடிந்த பிறகு, ஏடெழுதச் செய்தவரின் வேண்டுதல் சில வரி இருக்கும். மறைநூலில் சேராதது, ஆகவே நான் அதை எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். சுருளை எடுக்க வந்த அந்த வயதான பணியாளர் தயங்கி நின்றார்.

"இருபது வருடமாக இவற்றைத் தூக்குகிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. தப்பாக நினைக்காவிட்டால், இந்தச் சின்ன எழுத்து என்ன?" என்று கேட்டார்.

தாண்டிப் போகிற வரி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? படித்தேன். இந்த ஏட்டை எழுதியதால் வரும் புண்ணியம் என்னிடம் தங்க வேண்டாம், இப்போது வாழ்கிற பெற்றோருக்கும், முந்தைய ஏழு தலைமுறைக்கும், எல்லா உயிர்களுக்கும் போகட்டும் என்ற கருத்து. பௌத்த ஏடுகளின் முடிவில் வழக்கமாக வருவது. புண்ணியத்தைப் பிறர் பேருக்கு அனுப்பலாம் என்பதே பௌத்தர் பக்கத்திலிருந்து வந்த எண்ணந்தான். தாவோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"வாழ்கிறவர்களும் இறந்தவர்களும் ஒரே பட்டியலிலா?" என்றார் அவர்.

"ஆமாம். ஒரே வரியில்."

"வசதிதான்" என்று சொல்லிவிட்டுச் சுருளை ஏந்திக்கொண்டு போனார்.

நான் மேசை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதை ஒருவர் வேண்டி எழுதினார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதற்கு முன் சீனத்தில் பெரும்பாலும் அவரவர் முன்னோருக்கு அவரவர் படைப்பார்கள். படைக்க ஆளில்லாதவர் பாடு திண்டாட்டந்தான். வேறு மதத்தார் வந்து, யார் வேண்டுமானாலும் யாருக்கும் அனுப்பலாம் என்று சொன்னபோது, வீட்டில் ஆள் தவறிப்போன ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவரை உட்காரவைத்து நான் காப்பி என்று அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

இதை உடனே அக்காவிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் கண்ணில் பட்ட முதல் வண்டியில் ஏறினேன். அது வேக வண்டி. செவன் கிங்ஸ் நிலையம் ஜன்னலில் சரேலென்று வந்து சரேலென்று போனது. நகருக்கு வெளியே ஷென்ஃபீல்டில்தான் நின்றது. பெரிய கோட்டும் பதறிய முகமுமாக இறங்கிய என்னைப் பார்த்து ரயில்வே ஊழியர், "தினமும் ஒருவராவது இப்படி வருவார், தேநீர்க் கடை அந்தப் பக்கம்" என்று காட்டினார். திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தபோது புத்தி கொஞ்சம் தெளிந்தது. மூன்று வருடத் துக்கத்துக்கு நான் யார் மருந்து சொல்ல? பூ வைத்த கை இது. தீர்ப்பு ஒன்றும் சொல்லக் கூடாது, கேட்டால் மட்டும் ஏட்டில் உள்ளதைச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றார். "ஆறு மணிக்கு வாறனெண்டு சொன்னனீங்கள், எட்டாகுது. பயந்து போனன்" என்றார். வீட்டுக்கு வரவேண்டிய ஆள் பிந்தினால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். சமையலறையில் குழம்பைக் கிண்டிக்கொண்டே ஷென்ஃபீல்டுக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அப்பிடி என்ன அவசரம்?" என்று கேட்டார். அவரே கேட்டுவிட்டதால் சொன்னேன். கருத்துரை எதுவும் சேர்க்காமல், அந்த வரியை மட்டும் தமிழில் சொன்னேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இருக்கிறவையும் இல்லாதவையும் ஒண்டாவோ?"

"ஆமாக்கா."

"அப்ப ஆருக்குப் போகுதெண்டு ஆர் பிரிக்கிறது?"

"யாரும் பிரிக்க மாட்டாங்க. அனுப்புறது மட்டும்தான் நம்ம வேலைன்னு விட்டுடுவாங்க."

"உங்கட சீனர் கெட்டிக்காரர்" என்றார். "இது அவங்களோடதும் இல்லக்கா, பௌத்தர்கள்கிட்ட எடுத்தது" என்றேன். "ஆரிட்டை எடுத்தால் என்ன, தேவைக்குத்தானே எடுத்தவை" என்று சொல்லி அடுப்பைக் குறைத்தார். என் இருபது பக்கப் பட்டியலுக்கு அதைவிட நல்ல முன்னுரை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, அண்ணன் வேலைக்குக் கிளம்பச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "ஐயருக்குக் கிரியை வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். அண்ணன் நிமிரவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார்.

"சனிக்கிழமைக் கோயில் அன்னதானம் எங்கட உபயமாக் குடுப்பம். குகன்ரை பேரிலை. இருந்தால் அவன் நல்லாயிருக்கட்டும். இல்லாட்டி அவனுக்குப் போய்ச் சேரட்டும். நாங்கள் பிரிக்க வேண்டாம்."

அண்ணன் கயிற்றை அவிழ்த்து மறுபடி மெதுவாகக் கட்டினார். பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார். "அவன் பசி கிடக்கக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்தார். கதவருகே போய்த் திரும்பி வந்து, "பருப்பு நானே கடையிறன்" என்றார்.

சனிக்கிழமை விடியலிலேயே கோயில் சமையற்கட்டுக்குப் போனோம். பழைய மண்டபம் ஒன்றை வாங்கிக் கோயிலாக்கியிருந்தார்கள். பூசணிக்காய் வெட்டும் வேலை எனக்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்துப் பழகிய அக்கா அங்கே தளபதி போல நின்றார். நான் வெட்டிய துண்டுகளின் அளவு சரியில்லை என்று மூன்று தடவை ஏச்சு வாங்கினேன்.

பூசை முடிகிற நேரத்தில் கோயில் காரியதரிசி, கரும்பலகையில் அன்றைய உபயத்தை எழுத வந்தார். பெயரும் நட்சத்திரமும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"என்னெண்டு போடுறது? பிறந்த நாளோ, நினைவு நாளோ?"

"பேரை மட்டும் எழுதுங்கோ" என்றார் அண்ணன்.

"காரணம் போடாட்டில் சனம் கேக்கும், அண்ணை."

"கேட்டால் சாப்பிடச் சொல்லுங்கோ."

காரியதரிசி சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போனார். பலகையில் குகன் என்ற பெயரும் ரோகிணி என்ற நட்சத்திரமும் மட்டும் இருந்தன.

வரிசை வாசல் வரை நீண்டது. நடராசா அண்ணன் பருப்பு விட, நான் அப்பளம் வைக்க, அக்கா சோறு போட்டார். எல்லாருக்கும் ஒரே அளவு, எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் போடட்டோ என்ற ஒரே கேள்வி. சேலைக்கு மேலே தடித்த கோட்டுப் போட்ட ஓர் அம்மா தட்டை நீட்டியபடி பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"குகன் ஆர், பிள்ளை?"

"என்ரை தம்பி."

"இண்டைக்கு என்ன அவருக்கு?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. அண்ணன் பருப்பு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு" என்றார் அக்கா. "இண்டைக்கு அவனுக்குச் சாப்பாடு."

அந்த அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.